கண்ணை அளக்கும் எழுத்து

துணியை முழக்கோலால் அளக்குங்கால், கோலின் நிறமும் வடிவும் துணியின் நீளத்தை மாற்றுவதில்லை. கட்பார்வையை அளக்குமிடத்தோ, காண்பார்க்குக் காட்டப்படும் உருவின் அமைப்பே அளவை மாற்றிவிடும். இதனைக் கண் மருத்துவர் கையாளும் எழுத்தட்டையைக் கொண்டு ஆராய்வாம்.

1862-ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து யூட்ரெக்ட் நகரிலிருந்த ஸ்நெல்லன் என்னும் மருத்துவர் இவ்வட்டையை வெளியிட்டார். பாகையொன்றை அறுபதாகப் பகுத்த பங்கு கலை எனப்படும். எழுத்து 5 கலையும் அதன் கோடு 1 கலையும் கண்ணிற் கோணம் உண்டாக்குமாறு நிற்ப, அதனைப் படிப்பதே குறைவற்ற பார்வை என்பது அவர் விதி. 6 மீட்டர் தூரத்திற்கு அவ்வெழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்.

விதி செவ்வியதே, ஆயினும் அளவு பிறழ்தற்கு மூன்று வாயில்கள் உள.

முதலாவது வடிவு. ஆங்கில எழுத்துக்களுள் எல் என்பது எளிதிற் புலனாம். பி என்பது அத்துணை எளிதன்று. தமிழிலும் டகரமும் ஞகரமும் ஒரே உயரத்தவாயினும் ஒரே தூரத்தில் தெளியுமோ? இக்குறை நீங்க, லண்டோல்ட் என்பார் 1888-இல் ஓரிடத்து இடைவெளியுடைய வளையத்தை அமைத்தார். இடைவெளி எப்பக்கம் என்பதே வினாவாதலின், எழுத்தறியாதாரும் விடை கூறலாம்.

இரண்டாவது ஊகம். வளையத்திற்கு நான்கு திசைகளே உளவாயின், காணாமலே கூறும் விடைகளுள் நான்கிலொன்று சரியாகும். பத்து எழுத்துக்களாயின் பத்திலொன்றே.

மூன்றாவது நெருக்கம். தனித்து நிற்கும் எழுத்தினும், அயலெழுத்துக்களிடையே நிற்பது அறிதற்கு அரிது. கண்ணுறுப்புக்கள் செவ்வனே இருந்தும், இளமையில் மூளை அக்கண்வழிக் காணப் பழகாமையால் உண்டாவது மந்தப்பார்வை. இதனையுடைய குழந்தை வரிசையிற் படிக்க இயலாத எழுத்தைத் தனியே காட்டின் படித்துவிடும். ஒற்றையெழுத்தால் மட்டும் சோதித்த மருத்துவர் குறையில்லையெனக் கருதலாம். சிகிச்சை நன்கு பயன்தரும் இளம்பருவமும் கழிந்துபோம்.

1976-இல் ஆஸ்திரேலியாவில் பெய்லி, லவ்வி என்னும் இருவர் இவற்றை நோக்கிப் புதிய அட்டை வகுத்தனர். வரிசைதோறும் ஐந்தெழுத்து, இடைவெளி எழுத்தின் அகலத்திற்கு ஒத்தது, மூன்று வரிசை இறங்கின் எழுத்தின் அளவு பாதியாம். ஆகவே வரிசைக்கு வரிசை மாறுவது அளவொன்றே.

ஆதலின், ஒருவர் பார்வை இத்துணையென்று கூறும் எண் தனித்து நிற்பதன்று. எவ்வட்டையால், எவ்வாறு காட்டி அளந்தது என்பதையும் உடன் கேட்டறிதல் வேண்டும்.