இமைக்கும் விளக்குகள்

நுழையும்முன்

கரையில் நிற்கும் விளக்கு கடலோடியிடம் பேசுகிறது. உள்ளங்கை அளவே உள்ள கணினிப் பலகையின் ஓரத்தில் எள்ளளவு விளக்கொன்று நம்மிடம் பேசுகிறது. அது சொல்வது எது, சொல்லாமல் விடுவது எது என்று பிரித்தறிவதே இப்பாடம்.

குன்றிலிட்ட விளக்கு

மாமல்லபுரத்துக் குன்றின்மேல், மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பல்லவர் காலத்துக் கற்றளி ஒன்று நிற்கிறது. ஊரார் அதனை உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயில் என்பர். பெயரிலேயே எண்ணெய் மணக்கிறது. கடலில் செல்வோர்க்கு வழிகாட்டும் விளக்கு முற்காலத்தில் இதன் உச்சியில் எரிந்தது. பின்னர் அருகிலேயே கல்லால் ஆன கலங்கரை விளக்கம் எழுந்தது.

கலங்கரை விளக்கம் வெறுமனே ஒளிர்வதில்லை. எத்தனை நொடிக்கு ஒருமுறை, எத்தனை முறை மின்ன வேண்டும் என்னும் ஒழுங்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளது. மாலுமி மின்னலை எண்ணுவார். கையிலுள்ள பட்டியலோடு ஒப்பிடுவார். தாம் எந்த ஊருக்கு எதிரே இருக்கிறோம் என்று அறிவார். ஒளியைவிட ஒளியின் இடைவெளியே அவருக்குச் செய்தி.

உள்ளங்கைப் பலகை

லினக்சு இயக்க அமைப்பில் இயங்கும் சிறு கணினிப் பலகைகளும் இம்முறையைத்தான் பின்பற்றுகின்றன. ராசுபெரி பை, பீகிள்போன் போன்ற பலகைகளுக்குத் திரை கட்டாயமன்று. கம்பத்தின் உச்சியிலோ பெட்டிக்குள்ளோ பொருத்தப்பட்டால், அவற்றின் நலத்தை வெளியே காட்டுபவை ஒளி உமிழ் டையோடுகளே. இத்தகைய சிவப்பு டையோடை 1962-இல் நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். நீல ஒளிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர்.

டையோடை மின்வாயுடன் நேரே இணைத்தல் கூடாது. இடையே மின்தடை வேண்டும். பலகை தருவது 3.3 வோல்ட்; சிவப்பு டையோடு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட்; மீதி 1.3 வோல்ட். மின்தடை 330 ஓம் எனில், ஓம் விதிப்படி பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர். கண்ணுக்குத் தெரிய இதுவே போதும்.

கோப்பே பொத்தான்

லினக்சில் விளக்கை ஏற்றுவதற்கும் ஒரு கோப்பில் எழுதுவதற்கும் வேறுபாடில்லை. ‘சிஸ்’ என்னும் அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘லெட்ஸ்’ எனச் சென்றால் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அடைவைக் காணலாம். அங்குள்ள ‘பிரைட்னஸ்’ கோப்பில் 1 என எழுதினால் விளக்கு எரியும். 0 என எழுதினால் அணையும். எழுதுவதற்கு நிருவாகியின் உரிமை வேண்டும். இவை வட்டில் சேமிக்கப்பட்ட கோப்புகள் அல்ல. கெர்னல் என்னும் உட்கரு நம்முன் திறந்து வைத்திருக்கும் சாளரங்கள். ஆதலால், பலகையை மீண்டும் தொடங்கினால் நாம் எழுதியவை நிலைப்பதில்லை.

உடனிருக்கும் ‘டிரிக்கர்’ கோப்பே சுவையானது. விளக்கை யார் ஆள்வது என்பதை அது முடிவு செய்கிறது. ‘நன்’ என எழுதினால் ஆட்சி நம்முடையது. ‘டைமர்’ எனில், நாம் குறிக்கும் மில்லிநொடிக் கணக்கில் விளக்கு மாறி மாறி எரிந்து அணையும். ‘ஹார்ட்பீட்’ எனில், இதயம்போல் இருமுறை துடித்துச் சற்றே ஓயும். அமைப்பின் பணிச்சுமை இல்லாதபோது ஒரு துடிப்புச் சுற்று 1,260 மில்லிநொடி. சுமை 1 ஆனால் 860. சுமை 5 ஆனால் 510. உழைப்பு மிகும்போது நெஞ்சு படபடக்கும் மனித இயல்பை இதனை எழுதியவர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்!

பீகிள்போன் பிளாக்கில் நான்கு விளக்குகள் உள்ளன. வழக்கமான அமைப்பில் முதலாவது துடிப்பைக் காட்டும்; இரண்டாவது செருகிய நினைவக அட்டையின் இயக்கத்தையும், மூன்றாவது செயலியின் இயக்கத்தையும், நான்காவது உள்நினைவகத்தின் இயக்கத்தையும் காட்டும்.

கொளவாய்க் கரையில் ஓர் இரவு

செங்கல்பட்டுக் கொளவாய் ஏரிக்கரையில் நீர்மட்டம் அளக்கும் பலகை ஒன்றை நீங்கள் நிறுவியிருப்பதாகக் கொள்வோம். ஐப்பசி அடைமழை. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வரவேண்டிய அளவு வரவில்லை. குடை பிடித்துக்கொண்டு கரைக்குச் செல்கிறீர்கள். பெட்டியின் கண்ணாடி வழியே விளக்கு சீராகத் துடிக்கிறது. ‘பலகை நலம், தொடர்புதான் கெட்டிருக்க வேண்டும்’ என்று எண்ணித் திரும்புகிறீர்கள். நீர்மட்டமோ ஏறிக்கொண்டேயிருக்கிறது. தாழ்வான தெருவில் உறங்குவோர்க்கு எச்சரிக்கை போகவில்லை.

விளக்கு பொய் சொல்லவில்லை. நாம்தான் அதன் மொழியைத் தவறாகப் படித்தோம். அத்துடிப்பைத் தருவது கெர்னல். கெர்னல் உயிருடன் இருக்கிறது என்பதற்கு மேல் அவ்விளக்கு ஒன்றும் கூறவில்லை. அளவெடுக்கும் நிரல் நெடுநேரத்திற்கு முன்பே நின்றுபோயிருந்தாலும் துடிப்பு நிற்காது. அணைந்த விளக்கையும் இவ்வாறே ஐயுற வேண்டும். மின்சாரம் நின்றிருக்கலாம், கெர்னல் நிலைகுலைந்திருக்கலாம், டையோடே பழுதாகியும் இருக்கலாம்.

தீர்வு எளிது. ஒரு விளக்கின் டிரிக்கரை ‘நன்’ ஆக்குக. நிரல் ஓர் அளவை எடுத்து, அனுப்பி, அது சென்று சேர்ந்ததற்கு ஒப்புகை பெற்ற பிறகு மட்டும் அவ்விளக்கை மும்முறை இமைக்கச் செய்க. ‘டைமர்’ முறையிடம் இப்பணியை ஒப்படைத்தல் ஆகாது. நிரல் மாண்ட பின்னும் டைமர் இமைத்துக்கொண்டேயிருக்கும். பழைய கலங்கரை விளக்கில் எண்ணெய் ஊற்ற ஆள் விழித்திருந்தால்தான் சுடர் எரியும். சுடரைக் கண்டவர், காவலர் விழித்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே அறிந்தார். நம் விளக்கும் அவ்வாறே, செய்து முடித்த வேலையிலிருந்து ஒளி பெற வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ராசுபெரி பை தொடங்க இயலாதபோது அதன் செயல் விளக்கு எண்ணிக்கையால் காரணம் கூறும். நான்கு குறுமின்னல் எனில் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு எனில் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை. எட்டு எனில் நினைவகப் பழுது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள இணைய வழிசெலுத்தி, மின்மாற்றிப் பெட்டி, மின்னளவி ஆகியவற்றின் விளக்குகளை ஒருநாள் உற்றுநோக்குக. ஒவ்வொரு விளக்கும் எதனால் இயக்கப்படுகிறது, அது எரிந்தால் உறுதியாகத் தெரிவது எது, தெரியாதது எது என்று அட்டவணையிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.