கேஸ் எங்கே போயிற்று?

சிம்பாங் அம்பாட்,
மலாக்கா.

அன்பு மருமகனுக்கு,

கடிதம் கிடைத்தது. குளிர் போதவில்லையென்று வரும் கார்களுக்கெல்லாம் ஏர்கோன் கேஸை நிரப்பி அனுப்புவதே பட்டறையில் வழக்கமாயிருக்கிறதென்றும், அவற்றுள் சில ஆறு மாதத்துக்கு முன்பு நிரப்பிச் சென்றவையே என்று கணக்குப் புத்தகம் காட்டுகிறதென்றும் எழுதியிருக்கிறாய். தொழில் பழகச் சேர்ந்த கையோடு இந்தச் சந்தேகம் உனக்குப் பிறந்தது பற்றி மிகுந்த சந்தோஷம்.

பெட்ரோல் எரிந்து தீர்வதுபோல் இந்தக் கேஸ் தீர்வதில்லை. கம்ப்ரசரால் அழுத்தப்பட்டு, கண்டென்சரில் உஷ்ணத்தை விட்டுத் திரவமாகி, கூலிங் காயிலில் மறுபடியும் வாயுவாகி, ஓயாமல் சுற்றிக்கொண்டேயிருக்கும் அது குறைந்துவிட்டதென்றால், எங்கோ வழி கண்டு வெளியேறியிருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு ஊறிப் போவது சகஜம். ஆறே மாதத்தில் குளிர் அடியோடு போய்விடுவது சகஜமன்று.

கேஜ் காட்டும் எண்ணை அவசரப்பட்டு நம்பிவிடாதே. 30 பாகை உஷ்ணத்தில், இன்ஜின் ஓடாமல் நிற்கும் காரில், ஆர்-134ஏ கேஸ் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே சிறிதளவேனும் திரவம் எஞ்சியிருக்கும்வரை அந்த அழுத்தத்தை நிர்ணயிப்பது உஷ்ணமேயாதலால், பாதிக் கேஸை இழந்த காரும் குறைவில்லாத காரும் ஒரே எண்ணைக் காட்டி நிற்கும். எண் அதற்கும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், திரவம் முழுவதும் போய் வாயு மாத்திரமே மிஞ்சியிருக்கிறதென்று அறிவாய். மிஷினால் கேஸை முழுவதும் உறிஞ்சி எடுத்து எடைபோட்டு, போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டால்தான் நஷ்டம் எவ்வளவென்று திட்டமாகத் தெரியும்.

இனி, கசியும் இடம். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கலந்து சுற்றுவதால், கேஸ் போன வழியில் எண்ணெயும் சிறிது கசிந்து நிற்கும். நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பாதைகளில் ஓடும் கார்களில் இதுவே பெரிய உபகாரம்: ரப்பர் குழாயும் அலுமினியக் குழாயும் சேரும் பூட்டில் செம்மண் தூசி எண்ணெயில் ஒட்டி, விரலால் தேய்த்தால் பசைபோல் வரும். அந்த இடத்தைத் துடைத்துவிட்டுச் சோப்பு நீரைத் தூரிகையால் தடவி, நுரை மெல்லக் கிளம்புகிறதா என்று பொறுமையாய்ப் பார். கல்லடி படும் கண்டென்சரின் முகத்தையும், கிளட்சுக்குப் பின்னாலுள்ள கம்ப்ரசர் சீலையும், கேஜ் பூட்டும் வால்வுகளின் வாயையும் தவறவிடாதே. மூடி தொலைந்துபோன வால்வே குற்றவாளியாய் இருப்பதுமுண்டு.

கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் மறைந்திருப்பதால், அதைக் கழற்றுவதற்கு முன் ஒரு பரீட்சை செய். கேஸ் காற்றைவிடக் கனமானது. புளோவரைச் சற்று ஓட்டி நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருந்து, தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில், நீர் உள்ளே ஏறாதபடி, கசிவு காட்டும் கருவியைப் பிடி. அப்போதும் ஐயம் தீராவிட்டால், கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றிச் சோதிப்பதே உத்தமம். வேக்யூம் நிற்கிறதென்பதை மாத்திரம் கொண்டு கசிவில்லையென்று முடிவு கட்டிவிடலாகாது. வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துகையில் மூடிக்கொள்ளும் சீல், உள்ளிருந்து அழுத்தம் ஏறுகையில் திறந்துகொள்ளக்கூடும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜனை ஒருபோதும் ஏற்றாதே. எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும்.

இத்தனை பிரயாசை எதற்கென்று உன் முதலாளி கேட்கலாம். பழைய ஆர்-12 கேஸ் வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் வகையைச் சேர்ந்ததென்று மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-இல் எடுத்துக்காட்டினர். அவ்வகைக் கேஸ்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பிறந்தது. 1989-இல் மலேசியாவும் அதில் சேர்ந்தது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாதென்றாலும், நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கவல்லது. ஒரு காரிலிருந்து அரைக் கிலோ கேஸ் கசிந்துபோவது, 700 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை ஆகாயத்தில் விடுவதற்குச் சமானம். காசு கொடுத்தவருக்கும் ஆறு மாதக் குளிர்தான் மிச்சம்.

கசிவை அடைத்தபின் புது ஓ-ரிங்குக்கு எண்ணெய் தடவிப் பூட்டி, அரை மணி நேரமாவது வேக்யூம் இழுத்து, கேஸை எடைபோட்டே ஏற்று. கணக்குப் புத்தகத்தில் தொகைக்குப் பக்கத்தில் கசிந்த இடத்தையும் எழுதி வை. புது மாடல்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் தீப்பற்றக்கூடியதாதலால், அதற்குரிய மிஷின் பட்டறைக்கு வரும்வரை அந்தக் கார்களில் கை வைக்காதே.

இப்படிக்கு,
உன் மாமா