காட்டிடை அறம்: ‘டெலிவரன்ஸ்’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

மனிதனை அறவழி நிறுத்துவது சட்டத்தின் அச்சமா, நெஞ்சின் இயல்பா என்னும் வினா மிகப் பழையது. அவ்வினாவைத் திரைப்படக் கலை ஆராய்ந்தமைக்கு ‘டெலிவரன்ஸ்’ என்னும் அமெரிக்கப் படம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கவிஞர் ஜேம்ஸ் டிக்கி 1970 இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, ஜோன் பூர்மன் 1972 இல் இதனை நெறிப்படுத்தினார்.

அற்லாண்டா நகரத்தவர் நால்வர், அணையால் மறையவிருக்கும் ஆறொன்றைக் காணத் தோணிகளிற் செல்கின்றனர். கதையில் வரும் ஆறு கற்பனையே. படம் பிடிக்கப்பட்டதோ பெரும்பாலும் ஜோர்ஜியா, தென் கரோலினா எல்லையில் ஓடும் சற்றூகா ஆற்றிலாகும். மலைவாழ்நர் இருவர் துப்பாக்கி முனையில் அந்நால்வருள் ஒருவனுக்குப் பெருங்கொடுமை இழைக்கின்றனர். லூயிஸ் என்பான் அம்பெய்து அவர்களுள் ஒருவனைக் கொல்ல, மற்றவன் தப்பியோடுகிறான்.

படத்தின் உயிர்நிலை இதன்பின் வருவதே. நடந்ததைக் காவலர்க்கு அறிவித்தல் வேண்டும் என்கிறான் துரூ. இவ்வூராரிடம் நமக்கு நீதி கிடையாது, இவ்விடமோ நீரில் மூழ்கப்போவது, ஆதலின் பிணத்தைப் புதைத்துவிடுவோம் என்கிறான் லூயிஸ். வாக்கெடுப்பு நிகழ்கிறது, துரூ தனித்து நிற்கிறான். நகரத்துக் குடியாட்சி முறையைக் கைக்கொண்டே அவர்கள் நகரத்துச் சட்டத்தைப் புதைத்துவிடுவதை நாம் காண்கிறோம்.

பின்னர்த் துரூ ஆற்றில் வீழ்ந்து இறக்கிறான். சுடப்பட்டானா என்பது தெளிவில்லை. காட்டு வாழ்வின் பெருமை பேசிய லூயிஸ் காலெலும்பு முறிந்து கிடக்கிறான். மானைக் கண்டபோது கைநடுங்கிக் குறிதவறிய எட் என்பானே, இரவிற் செங்குத்தான பாறையிலேறி, விடிந்ததும் ஒருவனைக் கொல்கிறான். கொல்லப்பட்டவன் முன்பு தப்பியவன்தானா என்பதும் ஐயமே. ஐயத்தின்மேல் நிகழ்ந்த கொலையைத் தற்காப்பு எனலாமா? பூர்மன் தீர்ப்புக் கூறாது நம்மையே நீதிபதியாக்குகிறார்.

மலைவாழ் மக்களின் அச்சந்தரும் முகத்தையே மிகுத்துக் காட்டியமை இப்படத்தின் குறையென்றே நாம் கொள்வோம். ஆயினும் நகரத்தானை நல்லவனாக்கி அது தப்பவிடவில்லை. எஞ்சிய மூவரும் பொய்யுரைத்து மீள்கின்றனர். அவர்களை ஐயுற்று வினாவும் காவற்றலைவராக நடித்தவர் டிக்கியே. அவருக்குத் தப்பிய எட், கனவில் நீரினின்றெழும் கையைக் கண்டு அலறி விழிக்கிறான்.

கதையில் ஆறு மூழ்கியது; மெய்யான சற்றூகாவோ 1974 இல் தேசியப் பாதுகாப்புப் பெற்றது. படத்தின் பெயர்க்கு ‘மீட்பு’ என்பது பொருள். அவர்தம் உடல் மீண்டது, உள்ளம் மீண்டிலது. காண்பாரில்லாத இடத்தும் நெஞ்சு சான்றாய் நிற்கும் என்பதே இதனால் நாம் பெறும் பாடமாகும்.