சுரங்க மண்மேட்டில் மரம் வளர்த்தல்

நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு சுரங்க வேலை தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதன் மேல் கிடந்த மணலும் களியும் அகழ்ந்து குவிக்கப்பட்டன. இத்தகைய மேடுகளில் கன்றுகள் எளிதில் வேரூன்றாமைக்குக் காரணம் யாது? ஆழத்திலிருந்து வந்த மண்ணில் மக்கிய பொருளும் தழைச்சத்தும் நுண்ணுயிர்களும் மிகக் குறைவு.

ஆகவே ஒன்றரை அடிக் குழி வெட்டி, மூன்று பங்கு மண்ணுடன் நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். பச்சைச் சாணம் கூடாது. அது மக்கும்போது எழும் சூடு இளவேரைக் கருக்கும். எரு மிகுந்தாலும் நலமன்று. கன்றுக்கு முன்னே புல் கொழுத்து நீரைப் பறித்துக்கொள்ளும். களிமேட்டிலோ குழி தொட்டிபோல் நீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யும். அங்கே சுற்றிலுமுள்ள மண்ணை ஆழக் கிளறுவதே முதல் வேலை.

வளர்ந்த புங்க மரத்தடி மண்ணைப் புங்கங்கன்றின் குழியில் கையளவு இடுக. வேர்முடிச்சு நுண்ணுயிர்களும் வேருக்குத் துணைசெய்யும் பூஞ்சைகளும் அதனோடு வந்து சேரும். செலவில்லாத உபாயமாதலால் போலும், பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை! சுண்ணாம்பு இடுவதாயின், மண் புளிப்புடையதா என்பதை மண் ஆய்வுக் கூடத்தில் அறிந்த பின்னரே இடல் வேண்டும்.

வயலுக்கே எரு போதாதபோது மேட்டுக்கு ஏது என்று உழவர் கேட்பர். நியாயமான கேள்வியே. வயல் எருவில் நாம் கைவைக்க வேண்டியதில்லை. ஊர்க் குப்பையில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் நீக்கி மக்கச் செய்ததைப் பஞ்சாயத்து இதற்கென ஒதுக்கலாம்.