முதல் செமஸ்டர் கணக்கு: பார்த்தால் வராது, எழுதினால் வரும்

ஜூன் மாதம் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலோ, தேனாம்பேட்டை பஷீர் அகமது சையத் மகளிர் கல்லூரியிலோ, அடையாறு பேட்ரீசியன் கல்லூரியிலோ பி.காம். சேர்கிறவருக்கு முதல் செமஸ்டரிலேயே எதிரே வந்து நிற்கும் தாள் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங். பிளஸ் டூவில் வணிகவியல் குழு எடுத்தவர், எல்லாம் படித்ததுதானே என்று முதல் மாதத்தைக் கோட்டை விடுவார். கணிதக் குழுவிலிருந்து வந்தவருக்கோ டெபிட், கிரெடிட் என்றாலே வயிற்றைக் கலக்கும். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றே: நோட்டைத் திறந்து கையால் எழுதுங்கள். யூடியூபில் அடுத்தவர் போடும் கணக்கைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். வெள்ளைத் தாளை முன்னால் வைத்தால் முதல் வரியே ஓடாது.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம் தவிர இந்தத் தாளில் வேறு கணிதம் கிடையாது. “எனக்கு மேத்ஸ் வராது” என்ற கவலையை இங்கே மூட்டை கட்டி வைக்கலாம்.

சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அடிப்படைகள், இறுதிக் கணக்குகள், தேய்மானம், மாற்றுச் சீட்டு, ஒற்றைப் பதிவு, ராயல்டி, காப்பீட்டு இழப்பீடு என்று அலகுகள் போகும். தன்னாட்சிக் கல்லூரிகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வரிசை எதுவானாலும் ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் மூன்றும் கைக்கு வராமல் பின்னால் இருக்கும் எதுவும் ஏறாது. வகுப்பில் இதைச் சீக்கிரம் ஓட்டிவிட்டு ஃபைனல் அக்கவுண்ட்ஸுக்குப் போய்விடுவார்கள். ஆசிரியர்களுக்கும் போர்ஷன் முடித்தாக வேண்டும். வகுப்பு மேலே போனாலும், ஆகஸ்ட் முடியும்வரை தினமும் அரைமணி நேரத்தை ஜர்னலுக்கும் லெட்ஜருக்கும் வீட்டில் ஒதுக்குங்கள்.

எப்படிப் பழகுவது? ஒரே ஒரு கடையை எடுத்துக்கொண்டு, முதல் ரூபாயிலிருந்து பேலன்ஸ் ஷீட் வரை நீங்களே கொண்டுபோய்ச் சேருங்கள். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒருவர் பிளவுஸ் பிட் விற்கும் மேட்சிங் சென்டர் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போட்ட மூலதனம் 1,50,000 ரூபாய். மாத வாடகை 8,000. பத்து மாத அட்வான்ஸ் 80,000 கட்டிவிட்டார். அலமாரி, ரேக் வகைக்கு 24,000. சவுகார்பேட்டை மொத்த வியாபாரியிடம் 50,000-க்குத் துணி கடனாக வாங்கினார். மாதக் கடைசியில் பார்த்தால் ரொக்க விற்பனை 42,000, பக்கத்துத் தெரு டெய்லருக்குக் கடனாகக் கொடுத்தது 6,000. கரண்டுக்கு 1,000 கட்டியாயிற்று. அந்த மாத வாடகை இன்னும் கொடுக்கவில்லை. கடையில் மீதமிருக்கும் துணியின் அடக்க விலை 18,000.

இதில் லாபம் எவ்வளவு என்று முதல் வருட மாணவரைக் கேட்டால் பலரும் கல்லாவைத்தான் எண்ணுவார்கள். கல்லாவில் இருப்பது 87,000. போட்டதோ ஒன்றரை லட்சம். ஆகவே 63,000 நட்டம் என்பார்கள். இனி நோட்டில் எழுதிப் பாருங்கள். அட்வான்ஸ் செலவே இல்லை. கடையைக் காலி செய்யும்போது திரும்பி வரவேண்டிய பணம் அது, ஆகவே சொத்துப் பக்கம் போகும். ரேக்கும் சொத்துதான்; வருடத்துக்கு 10 சதவீதம் தேய்மானம் என்றால் இந்த மாதச் செலவு வெறும் 200. விற்பனை 48,000. விற்ற துணியின் அடக்கம், வாங்கிய 50,000-இல் மீந்த 18,000 போக, 32,000. மொத்த லாபம் 16,000. அதில் வாடகை 8,000, கரண்ட் 1,000, தேய்மானம் 200 கழித்தால் நிகர லாபம் 6,800. வாடகைப் பணம் கைமாறாவிட்டாலும் இந்த மாதம் கடையில் உட்கார்ந்தாயிற்றே. அந்தச் செலவு இந்த மாதத்தைத்தான் சேரும்.

பேலன்ஸ் ஷீட்டையும் போட்டுவிடுங்கள். ரொக்கம் 87,000, அட்வான்ஸ் 80,000, ரேக் 23,800, சரக்கு 18,000, டெய்லர் தரவேண்டியது 6,000. கூட்டினால் 2,14,800. மறுபக்கம் மூலதனமும் லாபமும் சேர்ந்து 1,56,800, சவுகார்பேட்டைக்குத் தரவேண்டியது 50,000, வாடகை பாக்கி 8,000. இதுவும் 2,14,800. இரண்டு பக்கமும் நின்றதும் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை ஒரு முறை சொந்தக் கையால் அனுபவித்தவர் இந்தப் பாடத்தை விடமாட்டார். பிறகு கணக்கை மாற்றிப் போடுங்கள். உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு 5,000 எடுத்தால்? டெய்லர் ஊரைவிட்டே போய்விட்டால்? பாடப்புத்தகத்தில் அட்ஜஸ்ட்மென்ட் என்று மிரட்டுவதெல்லாம் இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

அடுத்த தடை டெபிட், கிரெடிட். சம்பளம் வந்தால் “உங்கள் கணக்கில் கிரெடிட் செய்யப்பட்டது” என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்புகிறது. வகுப்பிலோ வங்கிக்குப் பணம் வந்தால் டெபிட் என்கிறார்கள். இங்கேதான் பாதிப் பேர் குழம்பி, மனப்பாடத்துக்குத் தாவுகிறார்கள். யாருடைய புத்தகம் என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். குறுஞ்செய்தி வங்கியின் புத்தகத்திலிருந்து வருகிறது. உங்கள் பணம் வங்கிக்குக் கடன்; கடன் கூடினால் கிரெடிட். உங்கள் புத்தகத்தில் அதே பணம் சொத்து. சொத்து கூடினால் டெபிட். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டை நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூர்க் குடும்பங்கள் போட்ட டெபாசிட் அந்த நிதி நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புப் பக்கம் நிற்கும். அது கொடுத்த நகைக் கடன் சொத்துப் பக்கம் நிற்கும். டெபாசிட் போட்டவர் வீட்டில் கணக்கு எழுதினால் அதே டெபாசிட் சொத்து.

ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு என்று மூன்று பொன் விதிகளை வகுப்பில் சொல்லித் தருவார்கள். அவற்றையும் படியுங்கள், நேர்முகத் தேர்வில் இன்றும் கேட்கிறார்கள். ஆனால் சொத்து என்பது பொறுப்பும் மூலதனமும் சேர்ந்தது என்ற சமன்பாட்டை முதலில் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. விதி மறந்துபோனாலும் சமன்பாட்டிலிருந்து என்ட்ரியை வரவழைத்துவிடலாம்.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையா? பக்கத்தைக் கிழிக்காதீர்கள். வித்தியாசத்தை முதலில் இரண்டால் வகுங்கள். 2,700 வித்தியாசம் என்றால், 1,350 ரூபாய்க்கு ஏதாவது ஓர் இருப்பு பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ஒன்பதால் வகுங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 7,200-ஐ 2,700 என்று எழுதினால் வித்தியாசம் 4,500. ஆடிட்டர் அலுவலகங்களில் பழைய ஆட்கள் செய்யும் வேலை இது. டேலி ஆகிவிட்டாலும் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. மெஷின் ரிப்பேர்ச் செலவை மெஷின் கணக்கிலேயே ஏற்றிவிட்டால் டிரையல் பேலன்ஸ் அழகாக நிற்கும், லாபம் மட்டும் பொய்யாகும்.

வங்கிச் சரிகட்டும் பட்டியலைச் சலிப்பான பாடம் என்று பலர் தள்ளிவிடுவார்கள். ரொக்க ஏட்டில் இருக்கும் வங்கி இருப்பும் வங்கி அறிக்கையில் இருக்கும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று வரிவரியாகத் தேடும் வேலை. அதன் அருமை தெரிய 2009 ஜனவரி 7-ஐ நினைத்தால் போதும். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு அன்று எழுதிய கடிதத்தில், பேலன்ஸ் ஷீட்டில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். வங்கியிடம் நேராகக் கேட்டு ஒத்துப் பார்க்கிற எளிய வேலை ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் பொய் அத்தனை வருடம் நின்றிருக்காது. ஊழியர்களும் முதலீட்டாளர்களும் பட்ட பாட்டை நினைத்தால், இந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்கு மட்டும் படிக்க மனம் வராது.

புத்தகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. தி. நகர் மார்கம் பப்ளிகேஷன்ஸ் வெளியிடும் ரெட்டி–மூர்த்தி புத்தகம் சென்னைக் கல்லூரிகளில் பரவலாகப் புழங்குகிறது. கணக்குப் பின்னணி இல்லாதவர்கள் அதற்கு முன்னால் தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை முடித்துவிடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசம். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இருப்பாய்வும் டிரையல் பேலன்ஸும் ஒன்றே என்று ஒரே வாரத்தில் பழகிவிடும். சி.ஏ. ஃபவுண்டேஷன் பாடப்புத்தகத்தை ஐ.சி.ஏ.ஐ. தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. கல்லூரிப் புத்தகத்தை விடச் சில இடங்களில் விளக்கம் தெளிவு. வீட்டில் இடம் நெருக்கடி என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு.

பரீட்சைக்கு ஒரு வார்த்தை. ஒர்க்கிங் நோட்ஸைப் பக்கத்தின் ஓரத்தில் கிறுக்காமல் தலைப்புப் போட்டு எழுதுங்கள். விடை தப்பினாலும் வழிக்கு மதிப்பெண் கிடைக்கும். மொபைல் கால்குலேட்டரை இன்றே விட்டுவிட்டு, சாதாரண பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டர் ஒன்று வாங்கி எம்-பிளஸ் பொத்தானைப் பழகுங்கள். சி.ஏ. தேர்விலும் அதுதான் செல்லும், சயின்டிஃபிக் ரகத்துக்கு அனுமதியில்லை.

சி.ஏ. பற்றிச் சொன்னதால் இதையும் கவனியுங்கள். பி.காம். முடித்தவர் 55 சதவீதம் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். மூன்றாம் வருடம் வந்து இதைக் கேள்விப்பட்டு, சதவீதம் குறைகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு. பிற்பாடு சி.ஏ. பக்கம் போகும் எண்ணம் துளி இருந்தாலும் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை அலட்சியம் செய்யாதீர்கள்.

டேலி மென்பொருள் வகுப்புக்கு எப்போது போவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கையால் பத்து ஃபைனல் அக்கவுண்ட்ஸ் போட்ட பிறகு போங்கள். அதற்கு முன்னால் போனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது மட்டும்தான் தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். தப்பான என்ட்ரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகும் காலம் முடிந்தது. பிழை திருத்தும் என்ட்ரியை முறையாகப் போடத் தெரிந்தவருக்கு அலுவலகத்தில் மதிப்பு கூடியிருக்கிறது.

தரமணி, ஓ.எம்.ஆர். பக்கமுள்ள நிதிச் சேவை மையங்களுக்கு நேர்முகத்துக்குப் போனால் கேட்பதும் அடிப்படைதான். “மார்ச் மாத வாடகை கொடுக்கவில்லை, என்ன என்ட்ரி?” என்பார்கள். வாடகை டெபிட், கொடுபட வேண்டிய வாடகை கிரெடிட் என்று சொல்லிவிட்டு, ஏப்ரலில் பணம் கொடுக்கும்போது என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே மாதக் கடைசி வேலை பெரும்பாலும் இந்த மாதிரி என்ட்ரிகளைச் சுற்றித்தான். படித்த பாடம் நிஜக் கம்பெனியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் ராம்கோ சிமெண்ட்ஸின் ஆண்டறிக்கையை இறக்கி, தேய்மானத் தொகையைத் தேடுங்கள். நோட்டில் இடது வலதாகப் போட்ட பேலன்ஸ் ஷீட் அங்கே மேலிருந்து கீழாக இருக்கும்; கம்பெனிச் சட்டம் சொல்லும் வடிவம் அது.

தி. நகர்க் கடைகளில் பில் போடும் வேலையில் இருந்துகொண்டே படிக்க நினைப்பவர்கள் மாலைக் கல்லூரிகளையும், சேப்பாக்கம் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியையும், சைதாப்பேட்டை தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் விசாரிக்கலாம். பகல் கல்லூரி மாணவருக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: வவுச்சரும் பில்லும் தினமும் உங்கள் கைவழியாகப் போகின்றன.

மற்றவர்கள் அதைத் தேடிப்போக வேண்டும். நவம்பரில் தேர்வு முடிந்ததும் மயிலாப்பூரிலோ தி. நகரிலோ சிறிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கேட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 கெடு என்பதால் அந்தச் சமயம் கூடுதல் கை தேவைப்படும் இடங்கள் உண்டு. உதவித்தொகை பற்றிப் பேரம் பேசாமல், ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: ஒரு சிறு கடையின் ஒரு மாத பில்களையும் வங்கி அறிக்கையையும் கொடுத்து, டிரையல் பேலன்ஸ் வரை நீங்களே எழுத விடச் சொல்லுங்கள்.