மாலை பஸ் ஏறக் கூடாது

மதுரை மாட்டுத்தாவணியில் பூச்சந்தையும் பஸ் ஸ்டாண்டும் அருகருகே. அதனால் வெளியூர் ஆர்டர் என்றால் பூக்கடைக்காரர்களான நாங்கள் அப்போதெல்லாம் யோசித்ததே இல்லை. மாலையை வாழை இலையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, தெற்கே போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். ஒரு சித்திரை மாதம், சென்னையிலிருந்து ஒருவர் திருநெல்வேலியில் நடக்கும் தன் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி மாலை கேட்டார். வழக்கம்போல ஏற்றினேன். பெட்டி இஞ்சின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இறக்கிப் பிரித்தபோது மல்லி பழுப்பேறி, ரோஜா இதழ் பாதி உதிர்ந்து கிடந்ததாம்.

கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, தோவாளைச் சந்தையில் பழகிய ஓர் அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். நெல்லையில் கடை வைத்திருப்பவர். போன் போட்டதும் திட்டினார்: "தம்பி, எங்கூர்ல பூவே கெடையாதுன்னு நெனச்சீங்களா? மொதல்லயே ஒரு போன் போட்டிருந்தா நானே கட்டிக் குடுத்திருப்பம்லா!" ஒரு மணி நேரத்தில் மாலை மண்டபத்துக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் பூக்கடைக்காரர்கள் 1910-லேயே ஒன்றுசேர்ந்து, தந்தி மூலம் ஆர்டரை ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள் என்று பிறகு படித்தேன். செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் மாலைக்கு பஸ் தேடியிருக்கிறேன்.

அன்று முதல் எங்களுக்குள் எட்டுக்கு இரண்டு. பத்து ரூபாயில் கட்டிக் கொடுப்பவருக்கு எட்டு, ஆர்டர் பிடித்தவருக்கு இரண்டு. இரண்டு ரூபாய்க்கு என்ன பெரிய லாபம் என்று என் மச்சான் கேட்டான். "வெளியூருக்கு முடியாது" என்று திருப்பி அனுப்பிய ஆள் உள்ளூர்ப் பூவுக்கும் நம் கடைக்கு வருவதில்லை. லாபம் அங்கேதான் இருக்கிறது.

சண்டை வந்தது முழத்தில். என் கை முழம் வேறு, அண்ணாச்சி கை முழம் வேறு. "நெருக்கமாக" என்று நான் சொன்னதை அவர் தன் ஊர்க் கணக்கில் புரிந்துகொண்டார். இப்போது முழம் பேச்சே கிடையாது. அடிக்கணக்கு, கூடவே போட்டோ. விலையிலும் ஒருமுறை சுட்டுக்கொண்டோம். மார்கழி, தை பனியில் மல்லி வரத்து குறைந்தால் கிலோ விலை ஆயிரங்களில் ஏறும். கார்த்திகையில் பேசிய விலைக்குத் தையில் மாலை கட்டினால் கைக்காசுதான் போகும். அதனால் முன்பணம் மட்டும் முதலில். விலை அன்றைய காலைச் சந்தைப்படி. இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணக்கை மாதக் கடைசியில் தீர்த்துவிடுகிறோம். பாக்கி வளர்ந்தால் அண்ணாச்சி போன் எடுக்க மாட்டார், நானும் எடுக்க மாட்டேன்.

உள்ளூரில் சேர்வது இதைவிடக் கஷ்டம். எங்கள் தெருவில் நாலு கடை. பத்து வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருந்தோம். முதலில் சேர்ந்தது விடியற்காலை டெலிவரிக்கு. வீடு வீடாகச் சாமிக்குப் பூ போட நாலு கடைக்கும் சேர்த்து ஒரே பையன், ஒரே வண்டி. பொட்டலக் கணக்குப்படி கூலியைப் பிரித்தோம். அந்த நம்பிக்கையில்தான் விளம்பரத்துக்கு வந்தோம். கல்யாண மண்டபங்களில் வைக்க ஒரே அட்டை அடிக்கலாம் என்றதும், யார் கடைப் பெயர் மேலே என்று இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் தெருப் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, கீழே நாலு எண்களையும் ஒரே அளவில் அச்சடித்தோம். அட்டையைப் பார்த்து வருகிறவர்கள் யாரைக் கூப்பிட்டாலும் சரி. தன்னிடம் கனகாம்பரம் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் வாங்கிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். விலையை நாலு பேரும் கூடி ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சந்தை விலை எங்களுக்கு முன்னால் அம்மாமார்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டு ஏற்பாடும் ஆயுத பூஜைக்கு மட்டும் உதவாது. அன்று அவரவர் கடையைச் சமாளிக்கவே பத்துக் கை வேண்டும். அண்ணாச்சியே போனை எடுப்பதில்லை.

நெல்லையில் யாருக்காவது மாலை போட வேண்டுமென்றால் எங்கள் தெருவுக்கு வாங்க. முகூர்த்த நாளாக இருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.