வண்டி வில்லின் இயல்பு

திருவரங்கத்தை அடுத்த காவிரிப் படுகைகளில் வாழைத்தார் வெட்டும் காலத்தே, டிராக்டரின் பின்னே கட்டிய டிரெய்லர் மேடும் பள்ளமுமான தடத்திற் குலுங்கி வருதலை நம்மிற் பலர் கண்டிருப்போம். அக்குலுக்கலிற் காய்கள் ஒன்றோடொன்று உராய்ந்து கறுக்கும். கறுத்த தாருக்குச் சந்தையில் விலை குன்றும். ஆதலின், டிரெய்லரின் வில்லைத் திருத்துமாறு யாது என்பது உழவர்க்கும் மாணவர்க்கும் ஒப்ப உரிய வினாவாம்.

எஃகு வில் அமைந்த மாட்டுவண்டியை நம்மவர் வில்வண்டி என்றனர். டிரெய்லரின் வில்லும் அவ்வினத்ததே. நீளத்திற் படிப்படியாய்க் குறையும் எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவே போல்ட்டினால் இறுக்கி, அச்சோடு பிணைத்திருப்பர். பாரம் இருமடங்காயின் வில்லின் தாழ்வும் இருமடங்காம். இஃது 1678-இல் ராபர்ட் ஹூக் விளக்கி வெளியிட்ட விதி.

இனி ஒரு கணக்கைக் காண்போம். 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள 8 பட்டைகள் கொண்ட வில், 1,000 கிலோ பாரத்தில் 80 மில்லிமீட்டர் தாழ்வதாகக் கொள்க. அத்தகைய பட்டைகள் இரண்டைக் கூட்டினால் தாழ்வு 64 மில்லிமீட்டராகும். அவ்வாறன்றி, எட்டுப் பட்டைகளையும் 10 மில்லிமீட்டர் தடிப்பினவாக மாற்றினாலோ, தாழ்வு ஏறத்தாழ 41 மில்லிமீட்டரே. என்னை? விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேராகவும், தடிப்பின் மும்மடிக்கு நேராகவும் உயர்கின்றது. நீளத்தின் மும்மடிக்கு எதிராகக் குறைகின்றது. சிறிது தடிப்பு மிகினும் வில் பெரிதும் விறைக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

செங்கல் ஏற்றுதற்கென இங்ஙனம் விறைப்பேற்றிய வில், மறுநாள் வாழைத்தார் ஏற்றுங்கால் போதிய அளவு வளையாது. பள்ளத்தின் அதிர்ச்சியிற் பெரும்பகுதி தாரையே சென்று சேரும். இதற்குத் தக்க பரிகாரம் துணைப்பட்டையாம். அடுக்கின் அடியில், வளைவு குறைந்த தடித்த பட்டை ஒன்றை அமைத்தால், இலேசான பாரத்தில் அதன் முனைகள் மேற்பட்டையைத் தொடா. பாரம் மிகுந்து மேலடுக்கு நிமிருங்கால் மட்டும் அவை தொட்டுத் துணை செய்யும். ஒரே வில் தாருக்கு மென்மையும் செங்கல்லுக்கு வன்மையும் உடையதாதல் இவ்வாறே.

மாற்றம் செய்வோர் இருபுறத்து வில்லையும் ஒருங்கே மாற்றுக. பட்டையை வெல்டிங் செய்தல் ஆகாது. வெப்பத்தால் எஃகின் பதம் கெட்டு, அவ்விடத்தே முறியும். யூ-போல்ட்டுகளைச் சில நடை ஓடியபின் மீண்டும் இறுக்குக. வில்லை அச்சின் கீழிருந்து மேலுக்கு மாற்றி வண்டியை உயர்த்தினால் பள்ளம் கடத்தல் எளிதாம்; ஆயினும் பாரத்தின் மையமும் உயர்தலின், கரைச்சரிவிற் கவிழும் அபாயம் மிகும்.

யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. வில் வலுத்ததனால் அச்சோ, டயரோ, பிரேக்கோ வலுத்துவிடா. மயிலிறகாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்தினார். வில்லைத் திருத்துவது பண்டத்தைக் காத்தற்கே, பாரத்தை மிகுத்தற்கன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே வண்டியையும், அதனை ஓட்டுவோன் உயிரையும் காப்பவனாவான்.